முதலில் இங்கிலீஷ், பிறகு பாடம்

ஒரே பாடத்தை ஒரே பீரியடில் இரண்டு மொழிகளில் நடத்தி முடிக்கிற வேலை எங்களுடையது. புதுச்சேரியில் பாகூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். இப்போது புத்தகம் ஆங்கிலத்தில், பிள்ளைகள் தமிழில், நான் நடுவில். என்னைப் போல நடுவில் மாட்டிக்கொண்ட டீச்சர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

முதல் வகுப்பு

புத்தகம் ஆங்கிலத்துக்கு மாறிய வருடம் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தைகூட வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். செல் பற்றிய பாடம். எங்கேயும் திக்காமல் முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்தினேன். பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கவனிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்துவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்றேன். பனித்திட்டு மீனவக் குப்பத்திலிருந்து வரும் அபிநயா எழுந்தாள். மரியாதையான பெண், எதையும் நிதானமாகத்தான் கேட்பாள்.

"டவுட்லாம் இல்ல மிஸ். இப்ப பாடத்த ஆரம்பிக்கிறீங்களா?"

வீட்டுப் பயிற்சி

பெற்றோர் கூட்டத்தில், வீட்டிலும் கொஞ்ச நேரம் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். யாரும் செய்யப்போவதில்லை என்று தெரியும். ஆனால் அபிநயாவின் அம்மா செல்வி செய்துவிட்டார். செல்வி பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். கணவர் வேலு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். ஒரு நாள் சங்கரா மீன் வாங்கப் போனபோது, பயிற்சி எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

"நல்லா போவுது டீச்சர். சாப்புடுறப்ப இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொல்லிட்டேன். முன்னல்லாம் குழம்புல உப்பு இல்ல, புளி இல்லன்னு தெனம் ஒரு குத்தம் சொல்லுவா. இப்ப வாயத் தொறக்குறதில்ல. வூடு நிம்மதியா இருக்குது."

அதிகாரி வந்தார்

கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அபிநயாவை எழுப்பி, எவாப்பரேஷன் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். புத்தகத்தில் இருந்ததை அவள் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். எனக்கு மூச்சு வந்தது. அவர் விடவில்லை. "சரிம்மா, தமிழ்ல அப்படின்னா இன்னா?" என்றார்.

அபிநயா யோசித்தாள். "கருவாடு சார்," என்றாள். "மீன வெயில்ல போட்டா தண்ணி போய்டும். மிச்சம் கருவாடு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன். கிளம்பும்போது அவள் பெஞ்சருகில் நின்று சொன்னார்: "நீ சொன்னது சரிதான். பரீட்சையில மட்டும் எழுதிடாதம்மா."

செல்போன்

ஒரு நாள் மத்தியானம் செல்வி செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு பள்ளிக்கு ஓடி வந்தார். வேலு படகில் வழுக்கி விழுந்துவிட்டாராம். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் லைனில் இருக்கிறார், அவர் பேசும் ஆங்கிலம் புரியவில்லை. நான் வாங்கிக் காதில் வைத்தேன். நர்ஸ் பேசிய வேகத்தில் எனக்குப் பிடிபட்டது 'ஸ்டேபிள்' என்ற ஒரு வார்த்தைதான். "நிலையா இருக்காராம்மா," என்றேன்.

செல்வி வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். "நிலையான்னா? அசையாம கெடக்குறாரா?"

எனக்குத் தமிழும் வரவில்லை. அதற்குள் வகுப்பிலிருந்து வந்துவிட்ட அபிநயா போனை வாங்கினாள். "மை ஃபாதர், லெக் ஆர் ஹெட்?" என்று கேட்டாள். "லெக். ஒன்லி லெக். ப்ரோக்கன்," என்று நர்ஸ் குரல் வெளியே கேட்டது. அடுத்து, "ஈட்டிங்?" "யெஸ், யெஸ். ரைஸ், சிக்கன்." அபிநயா போனை என்னிடம் கொடுத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "காலுதாம்மா ஒடஞ்சிருக்கு. தலயில அடி இல்ல. சோறு, சிக்கன்லாம் சாப்புட்டாராம்."

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு சிக்கனே தொடமாட்டாரு. பசி எடுத்திருக்கு. பொழச்சிக்குவாரு."

வேலு வந்தார்

சில மாதம் கழித்து வேலு ஊர் திரும்பி, கைத்தடி ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அபிநயா அன்றைக்குப் போனில் தைரியமாகப் பேசினாள், இலக்கணத்தைப் போகப் போகச் சரிசெய்துவிடலாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். படகில் வங்காளத்து ஆள், எகிப்து ஆள், இவர் எல்லோரும் இலக்கணமில்லாத அந்த ஆங்கிலம்தான் பேசுவார்களாம். இழு, விடு, சீக்கிரம், அவ்வளவு போதுமாம்.

"நான் வுழுந்த அன்னிக்கு அல ஜாஸ்தி டீச்சர்," என்றார். "மேல்தட்டுக்குப் போன்னாங்க. போவக்கூடாதுன்னு தெரியும். சொல்ல வார்த்த வரல. ஓகேன்னுட்டேன்." ஜன்னல் வழியே மகளைக் காட்டினார்.

"சரின்னு சொல்ற இங்கிலீஷ் எனக்கே தெரியும் டீச்சர். முடியாதுன்னு சொல்ற இங்கிலீஷ அவளுக்குக் கத்துக்குடுங்க."

இரண்டு மொழிகளில் நடத்தினாலும் பாடம் சில நாள் புரியாமல் போகிறது, ஆனால் பிள்ளைகள் இரண்டு மொழிகளிலும் கேள்வி கேட்கவும், முடியாதென்று சொல்லவும் பழகிவிட்டதால், சக டீச்சர்களே, இந்தத் தொழிலில் இனி நமக்கு நிம்மதி கிடையாது.