பாம்புப் பட்டை மேப்பிளும் சிவம் அண்ணையும்

தோட்ட வேலையில் நான் செய்த பெரிய பிழை லண்டனில், சட்டன் பக்கம் ஒரு வீட்டின் பின்வளவில் நடந்தது. அங்கே ஒரு மேப்பிள் மரம் நின்றது. பச்சைப் பட்டையில் நெடுக வெள்ளைக் கோடுகள் ஓடும். பாம்புப் பட்டை மேப்பிள் என்பார்கள். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற தாதி. இலை கொட்டியபின் அந்தக் கோடுகளைப் பார்க்கவென்றே அதை நட்டவர்.

நானும் சிவம் அண்ணையும் கொம்பனியின் ஒரே வான் வண்டியில் வேலைக்குப் போவோம். அவர் களைக்கொல்லி அடிப்பார், நான் ஸ்ட்ரிம்மரால் புல் வெட்டுவேன். அன்று அவசரத்தில் மரத்தோடு ஒட்டி வெட்டினேன். ஸ்ட்ரிம்மரின் நைலோன் கயிறு அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டது. அண்ணை முன்வளவில் நின்றார். நான் மரத்தடியில் பரப்பிக் கிடந்த மரச்சீவலை அள்ளிக் குவித்துக் காயத்தை மூடினேன்.

அடுத்த கோடையில் இலைகள் சுருண்டு கருகின. வீட்டுக்காரி முறையிட, ஜெர்மனியிலிருந்து வந்து கொம்பனி தொடங்கிய எங்கள் முதலாளி நேரே வந்தார். சீவலைக் கிளறிப் பார்க்கவில்லை. பச்சைப் பட்டை களைக்கொல்லி மருந்தை உறிஞ்சிவிட்டது என்றார்.

"அளவாத்தான் கலந்தனான்," என்றார் அண்ணை. "காத்துக்கு மரத்தில பட்டுதோ தெரியேல்ல."

நான் குனிந்து ஸ்ட்ரிம்மருக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவியைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருந்த நேரம்; வேலை போனால் அதுவும் போய்விடும். திங்கட்கிழமை வானில் அண்ணை இல்லை.

மனைவி வந்தாள். எனக்கென்று வான் வாங்கினேன். ஒன்பது வருடம் கழித்து ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடை வாசலில் அண்ணையைக் கண்டு, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"என்ர கைதான் பிழைச்சதெண்டு நினைச்சன். பிறகு ஒரு தோட்டத்துக்கும் போகேல்ல."

இப்போது ஒரு களஞ்சியத்தில் ஷிப்ட் வேலையாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் இடைமறித்தார்.

"அந்த வீட்டுக்கார மனிசிக்குச் சொன்னனியோ?"

"இல்லை அண்ணை."

"முதல் அங்க போய்ச் சொல்லு."

போனேன். வீட்டுக்காரி கதவு நிலையைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு, வேலை போன அந்தக் கோடையில் சிவம் மூன்று தரம் வந்து தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லைக் கையால் பிடுங்குங்கள். பட்டை உரிந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். மரம் தப்பாமல் போகலாம். பக்கத்தில் நின்று வேலை செய்தவராவது தப்புவார்.