தாழ்ப்பாள் இல்லாத இட்லி குண்டான்

ஆன்லைனில் பாத்திரம் விற்பவனுக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா, இன்னொன்று கொட்டாவிகூட விடாத ஒரு சாப்ட்வேர். வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக்கடை. பிளஸ் டூ படிக்கும் நான்தான் அதன் ஆன்லைன் மேனேஜர். சம்பளம் கிடையாது, போன் மட்டும் உண்டு. நஷ்டம் வந்தால் போன் பீரோவுக்குள் போய்விடும் என்பது அப்பாவின் கண்டிஷன். அப்புறம் நான் யார் குரலில் மிமிக்ரி செய்து யாரைக் கூப்பிட்டுக் கலாய்ப்பது? ஒரு போனுக்காக வீட்டில் கொத்தடிமையாக வாழும் சக பாவிகளே, இந்த வலி உங்களுக்குப் புரியும்.

செருப்பு கழற்றும் நேரம்

விலையைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை அப்பாவுக்கு விளக்கினேன். நிறைய பேர் பார்த்தால் ஏற்றும், சரக்கு குறைந்தால் ஏற்றும், அடுத்த கடைக்காரன் குறைத்தால் இதுவும் குறைக்கும், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றேன்.

அப்பா சிரித்தார். அவர் கடையிலும் அதே கதைதான். காரில் வந்து இறங்கும் கல்யாண வீட்டுக்கு ஒரு விலை, கரும்பு வெட்டு முடிந்து நேராக வருபவருக்கு ஒரு விலை, "பாகூர்ல கம்மியா குடுக்கறான்" என்று திரும்பி நடப்பவருக்கு வாசற்படியில் வைத்து இன்னொரு விலை.

"இதுக்குப் போயி மிஷினாடா? ஆளு செருப்பக் கழட்டறதுக்குள்ள நான் பண்ணிடுவேன்டா இத!"

போணி

சாப்ட்வேரில் ஒரு கட்டம். எந்த விலைக்குக் கீழே இறங்கக்கூடாது என்று கேட்டது. அப்பா முகம் மாறியது. காலையில் முதல் வியாபாரம் போணி. அந்த ஆள் என்ன விலைக்குக் கேட்டாலும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். கட்டத்தைக் காலியாக விட்டு, "எல்லோரையும்விட ஒரு ரூபாய் கம்மி" என்று மட்டும் கட்டளை போட்டேன். மிஷினுக்கு நாள் முழுக்கப் போணி நேரம்தான் என்பது எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

"லட்சுமி வர்ற வழியில இன்னாடா தாழ்ப்பாளு? வுடு, தொறந்தே கெடக்கட்டும்!"

சரசக்கா பேரம்

மறுநாள் காலை, அதே இட்லி குண்டான் விற்கும் இன்னொரு கடை ஒரு ரூபாய் குறைத்தது. நாங்கள் அதைவிட ஒரு ரூபாய். அது இன்னும் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குள் குண்டான் விலை அதன் மூடி விலைக்கு வந்துவிட்டது. ஆர்டர் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடி சரசக்கா கடைக்கு வந்தார். அப்பா வழக்கம்போல் முகத்தைப் பார்த்து ஒரு விலை சொன்னார். அக்கா ஒன்றும் பேசாமல் தன் போனை நீட்டினார். எங்கள் கடை, எங்கள் குண்டான், பாதிக்கும் கீழே விலை. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் இன்னொரு ரூபாய் இறங்கியது.

"வாயே தொறக்காம பேரம் படியுதே! இன்னும் செத்த நேரம் நிக்கட்டுமாண்ணே?"

திருடிய தொண்டை

இப்போதாவது அந்தக் கட்டத்தை நிரப்பலாம் என்றேன். அவன் இறங்கும்போது நாம் நின்றால் கடை மானம் போய்விடும் என்றார் அப்பா. சரி, எதிரியையே நிறுத்துவோம். அந்தக் கடையின் ஆன்லைன் பக்கத்தில் இருந்த நம்பருக்கு, எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் கூப்பிட்டேன்.

"ஏன்பா, குண்டான் இவ்வளவு மலிவா இருக்கே, ஓட்டையா?"

"ஐயோ, ஓட்டையெல்லாம் இல்ல சார். போணி சார்! போணிக்கு வந்தவங்கள நாங்க திருப்பி அனுப்பறதில்ல."

தூக்கிவாரிப் போட்டது. அது பாகூர் மாமா! அம்மாவின் அண்ணன். வேறு பெயரில், புது நம்பரில் ஆன்லைன் கடை போட்டிருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை. கல்யாணப் பந்திகளில் நான் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கும் குரலே அதுதான். பதற்றத்தில் "அடப்பாவி மாமா!" என்பதை அவர் குரலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"டேய், யாருடா அது, என் தொண்டையில பேசறது?"

பீரோ

சாயங்காலம் அப்பா குண்டான்களைப் பேக் செய்தார். டேப்பைக் கிழிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். எதிரி யார் என்று சொன்னேன். பார்வை மாறவில்லை. போன் பீரோவுக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் பீரோ மணியடித்தது. மாமா. அப்பா திறந்து எடுத்து, "மச்சான், போதும், நிறுத்திக்கலாம்" என்றார்.

"டேய், மாப்ள கொரல்ல பேசினா நம்பிடுவனா? போன அவராண்ட குடுறா!"

அப்பா கத்தினார். கத்தக் கத்த மாமா குஷியானார்: "அந்தக் கோவம்கூட அச்சு அசலா வருதுடா உனக்கு!" தன் சொந்தக் குரலில் தோற்றுப்போன அப்பா, போனை என் கையில் திணித்தார்.

"நீயே பேசித் தொலைடா. நான்தான் நான்னு அந்தாளாண்ட சொல்லு!"

சொன்னேன். அதோடு சமாதானமும் பேசி முடித்தேன்: போணிக் குண்டான் ஒன்றுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது, மற்றதெல்லாம் வாங்கின விலைக்குக் கீழே இறங்காது. போன் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு கடையிலும் தினம் ஒரே ஒரு குண்டான்தான் நஷ்டத்தில் போகிறது: விடிந்ததும் எங்களுடையதை வாங்கிப் போணி செய்பவர் மாமா, அவருடையதை வாங்கிப் போணி செய்பவர் அப்பா.