அண்ணன் தாண்டும் கால்

அண்ணன் நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்குவதை முதலில் கவனித்தவன் நான்தான். ஊர் ஊராகத் திரிந்துவிட்டு எப்போதாவது வீட்டுக்கு வருகிறவனுக்கு அது சட்டென்று தெரிந்தது. கேட்டேன்; சுளுக்கு என்றான். மறுநாள் நான் லாரி ஏறிவிட்டேன்.

அடுத்த முறை விஜயவாடாவில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது, "அவுருக்குக் கை நடுங்கிகினே கீது தம்பி, சீக்கிரம் வா" என்றார் அண்ணி.

அரசு மருத்துவமனையில் பார்க்கின்சன் (அசைவுகளை மெதுவாக்கி நடுக்கம் தரும் மூளை நோய்) என்றார்கள். டாக்டரம்மா எனக்காக எளிதாகச் சொன்னார். அசைவுக்கு டோபமைன் (மூளையில் சுரக்கும் ரசாயனம்) வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் அண்ணனுக்கு அழிந்துவருகின்றன. நைட்ரிக் ஆக்சைடுக்கும் (உடலே உண்டாக்கும் ஒரு வாயு) அதில் பங்கு இருக்கலாம். அளவோடு இருந்தால் செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும். மிகுந்தால் வேறொரு வேதிப்பொருளோடு கூடிச் செல்லையே அரிக்கும்.

நைட்ரிக் என்ற பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன். திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் உலோகத்தை நைட்ரிக் அமிலத் தொட்டியில் முக்கிக் கழுவும் வேலை முதலில் எனக்குத்தான் கிடைத்தது. பழுப்புப் புகை எழும். ஒரு வாரம் தாங்கவில்லை. வேலையில்லாமல் இருந்த அண்ணனை என் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். கை நடுங்கும்வரை அவன் அங்கேயே இருந்தான்.

பட்டறையைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "அந்தப் புகையாலயாம்மா?"

"நான் சொன்னது மூளைக்குள்ளயே உண்டாகிற வாயு. பட்டறைப் புகைதான் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்ல. இல்லவே இல்லன்னு சத்தியமும் பண்ண முடியாது."

கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு எர்ணாவூர் பஸ் ஏறினேன்.

"என்னாலதாண்ணா" என்றேன்.

"இன்னாத்துக்குடா பேஜாரு பண்ற? அந்த வேலைலதான் ரெண்டு பொண்ணயும் கட்டிக் குட்த்தேன். நீ இருந்திருந்தா தொட்டியத் தூக்கிகினு ஓடியிருப்ப."

சிரித்தான். முகத் தசைகள் இறுகிவிட்டதால் சிரிப்பு தொண்டையில் மட்டும் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

மாத்திரையில் நடுக்கம் குறைந்தது. அழிந்த செல்கள் திரும்பாது என்று, வீட்டில் இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். வாசலுக்கு வந்தால் அண்ணனின் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போது பிடித்து இழுக்காதீர்கள். நான் இழுத்தேன்; விழுந்தான்.

தாண்டுவதற்கு எதிரே ஏதாவது இருந்தால் கால் எழும் என்றார் டாக்டரம்மா. என் காலைக் குறுக்கே நீட்டி நிற்கிறேன். ஓரிடத்தில் நில்லாத கால் இது. அவன் கால் எழும்வரை இதுவும் நகராது.

"கால எட்றா, மிதிச்சிடப் போறேன்" என்பான்.

சில நாள் மிதித்தும் விடுகிறான். நான் எடுப்பதில்லை.