கற்பூரத் தட்டில் வைத்த குறும்படம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருந்தால், விஷயம் முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் இருக்கிறது.

எங்கள் ஊர் இணுவிலில் என் தங்கையின் மகள் வாணி என்னோடுதான் இருந்தாள். தொழில்நுட்பக் கல்லூரியில் வீடியோ படித்தாள். அங்கிருந்து கொழும்பில் சினிமாப் படிப்புக்கு மாறுவதென்றால், சொந்தமாக எடுத்த குறும்படம் ஒன்றை அனுப்பவேண்டும். முதலில் என்னைத்தான் நடிக்கக் கேட்டாள். கூச்சத்தில் மறுத்துவிட்டேன். பிறகு புகையிலைத் தோட்டமெல்லாம் திரிந்து படம் பிடித்தாள்.

அனுப்பவேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சாமிக்குக் காட்டிவிட்டு அனுப்பினால் நல்லது என்று, கமராவிலிருந்த நகமளவு மெமரி காட்டை எடுத்துக் கற்பூரத் தட்டில் வைத்து, பக்கத்தில் கற்பூரம் கொளுத்தினேன். சூட்டில் காட் சுருண்டுவிட்டது. படம் முழுவதும் அதில்தான் இருந்தது.

"பெரியம்மா, முருகனுக்குப் படம் காட்டினனீங்களோ?" என்றாள் வாணி. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"ஓம் பிள்ளை. இனி என்ன செய்யிறது?"

அவள் தன் போனை என் முன்னால் பிடித்தாள். "செய்ததை அப்பிடியே சொல்லுங்கோ. வேறை வழியில்லை."

சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பிடித்த அதையே படமாக அனுப்பினாள்.

வாணியை எடுத்துவிட்டார்கள், அதுவும் நேரே இரண்டாம் ஆண்டுக்கு. "பெரியம்மா அடுத்த படத்திலையும் வருவாவோ?" என்று அங்கே கேட்டார்களாம்.

இப்போது அவளுடைய சாமான் எதையும் தட்டில் வைப்பதில்லை. கையை மட்டும் கூப்புகிறேன். படம் பிடிக்க வந்தால் ஒளிவதும் இல்லை. நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதற்கு வேறு விதிகளும் இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுங்கள்.