இரண்டாவது கண்ணாடி

1. போர்டு

வெல்டிங் பட்டறை திறந்த முதல் நாளே வாசலில் ஒரு போர்டு மாட்டினேன். 'வேலை நடக்கும் இடம். உள்ளே வரக்கூடாது.' சிவப்புப் பெயின்ட்டில் நானே எழுதியது. கடைப் பெயரைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

நான் மஸ்கட்டில் எட்டு வருஷம் பைப்லைன் வெல்டராக இருந்தவன். அங்கே வெல்டர் நிற்கிற இடத்துக்கு சூப்பர்வைசரே குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். ஒரு ஹெல்ப்பர் வெல்டிங் ஆர்க் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, கண்ணில் மிளகாய்ப்பொடி போட்டதுபோல விடிய விடியத் துடித்ததைப் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த போர்டை யாராவது கிண்டல் பண்ணினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

பட்டறை பெரம்பலூரில், துறையூர் ரோட்டில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவுக்குள் ஒரு தாலுகா. மெஷின், கிரைண்டர், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெரிய வைஸ், நாலைந்து கிளாம்ப் எல்லாம் கணக்காக வாங்கிப் போட்டிருந்தேன். முகத்துக்கு நேரே பிடிக்கிற வெல்டிங் கண்ணாடி மட்டும் மஸ்கட்டிலிருந்து இரண்டு கொண்டுவந்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று வேலைக்கு ஆள் வைத்தால் அவனுக்கு. ஆள் வைக்கிற அளவுக்கு வேலை வரவில்லை. இரண்டாவது கண்ணாடி காகிதம் சுற்றினபடி பெட்டியிலேயே கிடந்தது.

முதலில் வந்தவர் ஒரு விவசாயி. உடைந்த கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க" என்றேன்.

"நாளைக்கா? நான் ஒரு பக்கம் புடிச்சுக்கிறேங்க. இப்பவே ஒட்டிக் குடுத்துடுங்க."

"புடிக்கிறதுக்கு வைஸ் இருக்கு. போர்டைப் பாருங்க."

அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கலப்பையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த பட்டறைக்குப் போய்விட்டார்.

எதிர்ப்பட்டறையில் எப்போதும் கூட்டம். இந்தப் பக்கத்து விவசாயி தன் சாமானைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போகவே மாட்டான். கூடவே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வான். ஒரு முனையைத் தானே பிடிப்பான். "இன்னும் ஒரு சுத்து வைங்க" என்று யோசனை சொல்வான். டீ வாங்கித் தருவான், ஊர்க்கதை பேசுவான், வேலை முடிந்ததும் தரையில் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போவான். எதிர்ப்பட்டறைக்காரர் வைத்த வெல்டு கோழி கிளறின குப்பைமேடு மாதிரி இருக்கும். என் வெல்டு நூல் பிடித்தாற்போல் இருக்கும். இருந்தென்ன, பார்க்க ஆள் வரவேண்டாமா?

வருகிறவர்களும் ஒதுங்கி நின்றுதான் பேசுவார்கள். எனக்கு என் அப்பன் வைத்த பேர் போய் 'மஸ்கட்காரரு' என்று ஆகிவிட்டது. எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

"எப்பக் கெளம்புறீங்க?"

"போகலீங்க. இங்கயேதான்."

"சும்மா சொல்லாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சில நாள் காலையில் பூட்டைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிறவரை ஒரு வார்த்தை பேசாமல் குரும்பலூருக்கு சைக்கிள் மிதித்திருக்கிறேன்.

2. வாழை இலை

வீட்டுக்குப் போனால் பேச்சு வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை.

என் மனைவி தனம். கல்யாணமாகி ஆறாவது மாதம் நான் கப்பல் ஏறினேன். மகள் மலர் பிறந்ததை எனக்குத் தந்தி சொன்னது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போன எட்டு வருஷத்தில், அந்த வீடு நான் இல்லாமலே நடக்கப் பழகிவிட்டது. கதவைத் தட்டி யாராவது வந்தால் நான்தான் போய்த் திறப்பேன். என் முகத்தைப் பார்த்ததும், "தனம் இல்லீங்களா? அப்ப பெறகு வரேங்க" என்று திரும்பிவிடுவார்கள். மாடு வாங்குவதா, கூரை மாற்றுவதா, எல்லாம் அவளிடம்தான். அவள் நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அதில் நான் எங்கே நுழைவது என்றுதான் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம்தான் பெரிய கஷ்டம். தனமும் மலரும் தட்டில் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் மூன்று வேளையும் வாழை இலை. கொல்லையில் போய் நறுக்கிக்கொண்டு வந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துப் போடுவாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. லீவில் வந்த காலத்தில் பெருமையாக இருந்தது. திரும்பி வந்து மூன்று மாதமாகியும் இலையே விழுந்தபோது அந்தப் பெருமை போய்விட்டது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மலர் சொன்னாள். "அம்மா, அவருக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு."

நான் அவளுக்கு எதிரே, கையெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை கழுவுகிற சாக்கில் எழுந்து கிணற்றடிக்குப் போனேன்.

அன்றைக்கு தனத்திடம் கேட்டேன். "எனக்கும் தட்டுல போட்டா என்ன?"

"இருக்கப் போறதே நாலு நாளு. எலையிலயே சாப்பிடுங்க."

"நான் இனிமே போகலடி. எத்தனை வாட்டிதான் சொல்றது?"

"போன வாட்டியும் இதையேதான் சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

3. காதர் வந்தான்

தை பிறக்கப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது காதர் பட்டறைக்கு வந்தான். அரியலூர்க்காரன். மஸ்கட்டில் எனக்கு ஃபிட்டராக நின்றவன், லீவில் வந்திருந்தான். நான் பிழைக்கிற லட்சணத்தைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்ததாகச் சொன்னான்.

"என்னப்பா இது, ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"சீசன் ஆரம்பிச்சா வேலை வரும்."

"சீசன் ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு! ரோட்டுல கரும்பு வண்டி வரிசையாப் போவுது பாரு. இந்த வம்பெல்லாம் உனக்கு எதுக்கு? போர்மேன் உன்னையக் கேட்டுக்கிட்டே இருக்காரு. பொங்கல் கழிச்சு நான் கெளம்புறேன். இன்ஷா அல்லாஹ், ஒண்ணாவே போயிடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு, நான் ஏற்பாடு பண்றேன்."

காதர் போன பிறகு மஸ்கட்டில் நாங்கள் தங்கின கேம்ப் ஞாபகமாகவே இருந்தது. ஒரே ரூமில் பன்னிரண்டு கட்டில். ஒருத்தன் குறட்டை விடுவான், ஒருத்தன் வெங்காயம் நறுக்குவான், ஒருத்தன் வீட்டை நினைத்துப் பாட்டுப் பாடுவான். அங்கே இருக்கும்போது இந்த ஊருக்காக ஏங்கினேன். இங்கே வந்து அந்தக் குறட்டைக்காக ஏங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். அங்கே எல்லாரும் தனியாள்தான், அதனால் யாருக்கும் தனியாகத் தெரியாது. சொந்த ஊரில், சொந்த வீட்டில், பெண்டாட்டி பிள்ளைக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் தாங்கமுடியவில்லை.

போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அரியலூர் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். தனத்திடம் வாயைத் திறக்கவில்லை.

4. கரும்பு வண்டி

வியாழக்கிழமை காலை. எதிர்ப்பட்டறைக்காரர் செந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டறை பூட்டியிருந்தது. இல்லையென்றால் கரும்பு வண்டிக்கார மருதமுத்து என்னிடம் வந்திருக்கவே மாட்டான்.

ரோட்டில் டமார் என்று ஒரு சத்தம். டயர் வண்டி ஒன்று, தலைக்கு மேல் கரும்பு ஏற்றினது, மூக்குக் குத்தி நின்றது. நுகத்தடி மாட்டுகிற இரும்புப் பைப், ஏர்க்கால் என்போமே, அது நடுவில் முறிந்துவிட்டது. நல்லவேளை, மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, என் வயசு இருக்கும் ஓர் ஆள் விடுவிடுவென்று பட்டறைக்குள் வந்தான்.

"யோவ், ஏர்க்காலு புட்டுக்கிச்சு. வெளிய வாய்யா."

"வாசல்ல போர்டு இருக்கே, பார்க்கலயா?"

"பார்த்தேன். செவப்பா இருக்கு. என்ன எழுதியிருக்கு?"

உள்ளே வந்து நிற்கிற ஆளிடம் உள்ளே வரக்கூடாது என்று எப்படிப் படித்துக் காட்டுவது? "ஒண்ணுமில்ல" என்றேன். வழக்கம்போல, "கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்று ஆரம்பித்தேன்.

"கழட்டவா? வண்டி மேல இருக்கிற கரும்பையெல்லாம் உங்கப்பனா வந்து எறக்குவான்? நேத்து வெட்டுன கரும்புய்யா. இன்னிக்கு எறையூர் மில்லுக்குப் போயிச் சேரலன்னா காஞ்சு எடை கொறைஞ்சுடும். உள்ள என்ன சாமியா கும்புடுற? ஒயரை இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு வாய்யா!"

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து ஒருத்தராவது என்னை இப்படித் திட்டினது கிடையாது. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

கேபிளை ரோட்டுவரை இழுத்தேன். பார்த்தால் கரண்ட் இல்லை. வரும் வரைக்கும் சும்மா இருக்க அவன் விடவில்லை. இருவரும் கல் முட்டுக் கொடுத்து வண்டி மூக்கைத் தூக்கினோம். முறிந்த வாயை ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் ராவி, உள்ளே ஒரு ஸ்லீவ் பைப்பைச் சொருகினேன். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தான். என் பேர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை, எங்கே பெண் எடுத்தேன், எல்லாம் கேட்டான். நானும் சொன்னேன். இத்தனை பேசி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்துக்குக் கரண்ட் வந்தது. வேலையில் அப்போதுதான் சிக்கல். நீள பைப். மருதமுத்து நுனியைப் பிடித்தால் நடுவில் தொங்குகிறது. நடுவில் பிடித்தால் நுனி கோணுகிறது. அங்கங்கே புள்ளியாக ஒட்டி டாக் போடுகிற வரைக்கும் இரண்டு இடத்தில் இரண்டு ஆள் வேண்டும். என் வைஸும் கிளாம்ப்பும் உள்ளே அழகாக இருந்தன, ரோட்டில் அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த நேரத்துக்கு தனம் வந்தாள். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க டவுனுக்கு வந்தவள், எனக்குச் சோற்றுத் தூக்கையும் கொண்டுவந்திருந்தாள். பட்டறை வாசலோடு தூக்கை வைத்துவிட்டுப் போவதுதான் அவள் வழக்கம்.

"இந்தாம்மா, இங்க வந்து செத்த புடி" என்றான் மருதமுத்து.

"நானுங்களா? நான் அவரு வூட்டுக்காரிங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. கெட்டியாப் புடி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்து இரண்டாவது கண்ணாடியை எடுத்தேன். காகிதத்தைக் கிழித்து அவள் இடது கையில் கொடுத்தேன். வலது கைக்கு என் லெதர் கிளவுஸ். மருதமுத்துவை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். ராடை உரசினேன்.

"ஏங்க! இரும்பு தண்ணியா ஓடுதுங்க!"

"ஆடாத. புடி."

"புடிச்சுட்டுத்தான இருக்கேன். நீங்க வேலையப் பாருங்க."

நாலு டாக் போட்டேன். பிறகு சுற்றிலும் இடைவெளி விடாமல் ஃபுல் ரன். பொறி தெறித்து என் முழங்கையில் விழுந்தது. பழக்கம், நான் அசையவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

"கையெல்லாம் புள்ளி புள்ளியாத் தழும்பு இருக்கே, அது இதுதானா? கேட்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லம்பீங்களே?"

நான் வெல்டு மேல் படிந்த ஸ்லாக் கசடைத் தட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"எட்டு வருஷமா நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு இன்னிக்குத்தாங்க கண்ணால பாக்குறேன்" என்றாள்.

எனக்கும் அது உறைத்தது. அவள் வேலையை நானும் பார்த்ததில்லை, என் வேலையை அவளும் பார்த்ததில்லை. வெல்டு ஆறினதும் மருதமுத்து ஏர்க்கால்மேல் ஏறி நின்று மிதித்துப் பார்த்தான். மாட்டைப் பூட்டினான். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நாளைக்குக் கடை உண்டுல்ல? எம் பங்காளி வண்டியும் இதே மாதிரி ஆட்டம் காணுது."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. தனம் கிளவுஸைக் கழற்றாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உண்டு. காலையிலயே வரச்சொல்லு" என்றேன்.

5. புதிதாகப் பட்டறை போடுகிற தம்பிகளுக்கு

வேலை பார்க்கிற இடத்தில் பாதுகாப்பு வேண்டும்தான். அதற்காக வருகிறவனைத் துரத்தாதே. அவன் கண்ணுக்கும் ஒரு கண்ணாடி வாங்கி வை. நான் போர்டைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் இரண்டாவது கண்ணாடியை மாட்டினேன். சாமான் கொண்டுவருகிறவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு முனையைப் பிடிக்கலாம். வைஸ் இருக்கிறதே என்று சொல்லாதே. பிடிக்கிறவனுக்குத்தான் பேச வரும், பேசினவன்தான் மறுபடி வருவான். கூட்டம் உடனே வந்துவிடவில்லை. அந்த வருஷம் முழுக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த நாள் நிறைய உண்டு. ஆனாலும் வெள்ளிக்கிழமை நான் அரியலூர் போகாததால் என்னைத் தேடிக்கொண்டு சனிக்கிழமை பாய்ந்து வந்த காதரிடம், அந்தக் கண்ணாடியைக் கொடுத்து, "திட்டுறதை அப்பறம் திட்டு, இந்த முனையப் புடி" என்றுதான் சொன்னேன். புலம்பிக்கொண்டே பிடித்தான். பொங்கல் கழித்து அவன் மட்டும் போனான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தனம் கொல்லைப் பக்கம் போகவில்லை. அலமாரியில் இருந்த ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து என் முன்னால் டங்கென்று வைத்துச் சோற்றைப் போட்டாள்.

"தின்னுட்டுக் கழுவி வெச்சுடுங்க. எனக்குத் தோள்பட்டை வுட்டுப்போச்சு" என்றாள்.

மலர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மூக்கு விடைத்துவிட்டது. அம்மாவைக் கூப்பிடாமல் நேராக என்னிடமே சொன்னாள்.

"அப்பா, அது என் தட்டு. நீ வேற வாங்கிக்க."

மறுநாள் மருதமுத்துவின் பங்காளி வண்டியை முடித்து அனுப்பிவிட்டு, பாத்திரக் கடைக்குப் போய் ஒரு தட்டு எடுத்தேன். கடைக்காரர் பேர் வெட்டுகிற உளியைக் கையில் எடுத்துக்கொண்டே, "மஸ்கட்காரருதானே? எப்பக் கெளம்புறீங்க?" என்றார்.

"போகலீங்க. பேரை நல்லா ஆழமா வெட்டுங்க" என்றேன்.