எழுபத்தெட்டுக் கிலோ

பெரிய ஆட்டுக்குத் தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றித் தையல் நாடாவைப் பிடித்தால் நிறை ஏறக்குறைய வந்துவிடும். குட்டி அப்படி நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் நிறை பார்க்கும் தராசில் நாமே ஏறிநின்று, வருகிற எண்ணிலிருந்து நம் நிறையைக் கழிக்க வேண்டும். குட்டி கையில் இருந்தால் கீழே முள் தெரியாது. குனிந்து பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

ஓய்வுபெற்றதும் வெள்ளவத்தை பிளாட்டை விட்டு, இரத்மலானையில் இருபது பேர்ச் காணிக்கு வந்து ஏழு ஆடு வளர்த்தோம். குனிந்து பார்த்தவள் என் மனைவி. "அறுபத்தெட்டைக் கழியுங்கோ" என்பாள். முப்பது வருடம் பம்பலப்பிட்டியில் கணிதம் படிப்பித்தவனுக்குக் கழித்தல் சொல்லித் தருகிறாளே என்று எரிச்சல் வரும்.

அவள் போய் ஏழு மாதம். போவதற்கு இரண்டு கிழமை முன்னர் பிறந்தது ஒரு கறுப்புக் குட்டி. தாய் பால் கொடுக்கவில்லை. அவள்தான் போத்தலில் பருக்கினாள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் போனபின் போத்தலை நான் பிடித்தேன். இதுவும் போய்விட்டால் எனக்கு ஒருவருமில்லை என்று தோன்றியது. ஆட்டுக்குட்டியைப் பற்றி இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது.

முள்ளைப் பார்க்க ஆளில்லாததால் போனைச் செங்கல்லில் சாய்த்து, வீடியோவைப் போட்டுவிட்டு ஏறி நிற்பேன். பிறகு கதிரையில் இருந்து அதைப் பார்ப்பேன். நாலாம் மாதம் எழுபத்தெட்டு. என் அறுபத்தெட்டைக் கழித்தால் குட்டி பத்துக் கிலோ. அடுத்த மாதமும் எழுபத்தெட்டு. அதற்கடுத்த மாதமும் அதே எண். பூச்சி மருந்து கொடுத்தேன், புண்ணாக்கைக் கூட்டினேன், பலா இலை தேடி அலைந்தேன். முள் அசையவில்லை. தூக்கும்போது கை மட்டும் முன்னைவிட வலித்தது. வயது போகிறது என்று விட்டுவிட்டேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் விட்டுப்போன குட்டி என் கையில் தேய்கிறது என்பதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மாளிகாவத்தையிலிருந்து ஆட்டு வியாபாரி வந்தார். வருடத்தில் ஒருமுறை வருபவர். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கறுப்பன் விற்பனைக்கில்லை, நிறை ஏறாமல் நிற்கிறது, என்ன வருத்தமென்று மட்டும் பார்க்கச் சொன்னேன். அவர் முதுகெலும்பைத் தடவி, நெஞ்சைப் பிடித்து, ஒருமுறை தூக்கி இறக்கினார். பதினெட்டுக் கிலோவுக்குக் குறையாது என்றார். நான் விடுவேனா? போனை எடுத்து மூன்று வீடியோவையும் காட்டினேன். மூன்றாவது ஓடும்போது அவர் திரையை விட்டு என்னைப் பார்த்தார்.

ஆட்டை விட்டுவிட்டு என்னைத் தனியே ஏறச் சொன்னார். கையில் குட்டி இல்லாததால் முள் எனக்கே தெரிந்தது. அறுபது.

"ஆடு நல்லாத்தான் ஈக்குது சேர். நீங்கதான் மெலிஞ்சி பெய்த்தீங்க."

குட்டி ஏறிய அளவுக்கு நான் இறங்கியிருக்கிறேன். மெல்பேர்னில் இருக்கும் மகளுக்குப் போனில் முகம் மட்டும்தான் தெரியும். காற்சட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியவனும் நான்தான். அது எனக்கு உறைக்கவில்லை. மனைவி இருந்திருந்தால் முதல் கிலோவிலேயே சண்டை பிடித்திருப்பாள். அந்தச் சண்டைக்கு அன்று ஏங்கினேன்.

"வீட்ட ஒத்தரும் சொல்லல்லயா சேர்?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"அவ சொன்னவா," என்றேன். "நான்தான் கேக்கேல்லை."

உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். வெளியே கொண்டுவந்து, "அவ தந்துவிட்டவா" என்று சொல்லி அவரிடம் நீட்டினேன்.