ஓடிப் பார்க்கப் போன சைக்கிள்

நேற்று என் பழைய ஸ்கூட்டரை வாங்க வந்தவர் ஓடிப் பார்க்கக் கேட்டார். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், கைபேசி மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விட்டேன். காத்திருந்தபோது, ஸ்கூட்டரைத் துடைத்த துணியிலிருந்து மண்ணெண்ணெய் மணத்தது.

கொடிகாமச் சந்தைக்குப் பின்னால் பழைய சைக்கிள் விற்ற, இன்று தடயமே இல்லாத தகரக் கடையிலும் இதே மணம்தான். ரிம்மைத் தேய்க்கும் சத்தமும், வருகிறவர் எல்லாரும் மணியை அடித்துப் பார்க்கும் சத்தமும் ஓயாத அந்த இடத்தில், ஓடிப் பார்க்கப் போகிறவர் கையில் கொண்டுவந்ததை, குடையோ வெங்காயப் பையோ ஒருமுறை ஓர் ஆட்டையோ, விட்டுவிட்டுப் போவது வழக்கம். அப்பா கொண்டுபோனது என்னை மட்டும்தான்.

“பிள்ளை இருக்கட்டும் தம்பி, சந்திமட்டும் ஓடிப்போட்டு வாறன்.”

“ஓம் அண்ணை. ஆடெண்டால் குழை போடலாம், உந்தப் பிள்ளைக்கு என்ன போடுறது?”

நேரம் போனது, அப்பா வரவில்லை. என் உதடு நடுங்கியதைக் கண்ட கடைக்காரர், பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர், இடுப்பிலிருந்து கடைப் பூட்டின் திறப்பை எடுத்து என்னிடம் தந்தார்.

“அழாதை பிள்ளை. அப்பா வருமட்டும் இது உன்னட்டை இருக்கட்டும்.”

சங்கிலி கழன்ற சைக்கிளை அப்பா உருட்டிக்கொண்டு வந்து சேரும்வரை, அந்தக் கடை முழுவதும் என் மடியில் இருந்தது.